சம்பந்திகள் சம்மணம் போட்ட கதை

அன்று சாயங்காலம் மகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது அவளுடைய அப்பா கூடத்தில் தரையோடு தரையாக மல்லாந்து கிடந்தார். அவர் வயிற்றின்மேல் ஜம்மென்று உட்கார்ந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள் பேத்தி.

"அப்பா! என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலை. விளையாடிக்கிட்டு இருக்கோம்."

"எவ்வளவு நேரமா?"

அவர் கூரையைப் பார்த்தார். "நீ போன கொஞ்ச நேரத்திலேர்ந்து."

நடந்தது இதுதான். குழந்தையின் பந்து சோபாவுக்கு அடியில் உருண்டு போயிற்று. எடுக்கலாமென்று அவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பாதி தூரம்வரை உட்கார்ந்தார், மீதி தூரம் விழுந்தார். பந்து கிடைத்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்தால், அது இவரைத் தூக்குவதற்குப் பதில் இவர் பக்கமாக நகர்ந்து வந்தது. இதற்குள் பேத்தி தவழ்ந்து சமையலறைக்குள் போய், கீழ் அலமாரியைத் திறந்து, வெங்காயங்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டத் தொடங்கினாள். தாத்தா மண்டியிட்டே பின்னால் போனார். முட்டிக்கு அடியில் ஒரு வெங்காயம் அகப்பட்டது. அப்படிப் புரண்டவர்தான், கவிழ்த்துப் போட்ட ஆமைபோல மல்லாந்து விட்டார். குழந்தை மறுபடியும் எங்கேயும் போய்விடாமல் இருக்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஆட்டிக் காட்டித் தன் வயிற்றுக்கு வரவழைத்திருந்தார். அந்த மட்டுக்கும் அவருக்குச் சமயோசிதம் இருந்தது.

அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். தன் பக்கம் தனியாக ஒரு பிரேக் வைத்திருந்தார். அதை வஞ்சனையில்லாமல் மிதிப்பார். அதனால் படிக்க வந்தவர்கள் எல்லாரும் அவரை 'பிரேக் மாஸ்டர்' என்றார்கள். எத்தனையோ வருஷமாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தே இருந்ததில் அந்தச் சீட்டின் வடிவம் அவர் உடம்புக்கு வந்துவிட்டது. பின்னால் பார்க்கக் கண்ணாடி, பக்கத்தில் பார்க்கக் கண்ணாடி. கழுத்துக்கு வேலையே இல்லை. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், பீரோவை நகர்த்துகிற மாதிரி மொத்த உடம்போடுதான் திரும்புவார்.

மகள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பிரசவ விடுப்பு முடிந்து மத்தியான வேளை மட்டும் போக ஆரம்பித்திருந்தாள். மருமகனுக்கு ஊர் ஊராகச் சுற்றுகிற உத்தியோகம். பாட்டிமார் இருவரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே இரண்டு தாத்தாக்களும் ஆளுக்கொரு நாளாக மத்தியானத்தில் பேத்தியைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. இது அந்த ஏற்பாட்டின் முதல் நாள்.

மகள் அப்பாவைத் தூக்கி நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் கோபித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்கப்பா. தரையில உட்கார்ந்து, எதையும் பிடிக்காம எழுந்திருக்கத் தெரிஞ்சவங்ககிட்டதான் இனிமே குழந்தையை விடுவேன். இந்த மாசம் லீவு போட்டு நானே பார்த்துக்கறேன். அதுக்குள்ள முடியலைன்னா அடுத்த மாசத்திலேர்ந்து காப்பகம்தான்."

மாஸ்டர் யோசித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "இந்தச் சட்டம் உன் மாமனாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் உண்டு."

மனசு கொஞ்சம் ஆறியது.

மாமனார் பேக்கரி வைத்திருந்தார். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். அன்று வழக்கம்போல ஒரு ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நாள் பூரா உட்கார்ந்தே இருந்தா இப்படித்தான் சம்பந்தி. என்னைப் பாருங்க. கண் முழிச்சதிலேர்ந்து நின்னுக்கிட்டேதான் வேலை. உடம்பு கல்லு மாதிரி."

"அப்போ ஒரு தடவை உட்காருங்க மாமா," என்றாள் மருமகள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

பேக்கரிக்காரர் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு இறங்கினார். பாதி தூரம் போனதும் இரண்டு முட்டியும் சடசடவென்று பேசின. சிவப்பு விளக்கைப் பார்த்த வண்டிபோல அப்படியே நின்றுவிட்டார். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை.

"பேன்ட்டு புதுசும்மா. அழுக்காயிடும்," என்றார் அந்த நிலையிலேயே.

இப்போது மாஸ்டர் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை வெளியே காட்டவில்லை.

வீட்டுக்கு வந்த மாஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் யோகா வீடியோ ஒன்றைப் போட்டார். அதில் ஒரு பெண் சிரித்தபடியே, "இப்ப காலை மெதுவா எடுத்துத் தோளுக்குப் பின்னாடி வைங்க," என்றாள். ஏதோ கைப்பையைத் தோளில் மாட்டச் சொல்கிற மாதிரி சொன்னாள். மாஸ்டருக்குக் கால் கட்டில் உயரத்துக்குத்தான் வந்தது. அங்கே கட்டில் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நூலகத்திலிருந்து வேலை முடிந்து வந்த மனைவி, கதவைத் திறந்து, ஒற்றைக் காலில் நிற்கிற கொக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"உடம்பை வளைக்கறேன்."

"வளைக்கத்தானே வேணும்? கட்டிலுக்கு அடியில ஒட்டடை இருக்கு. வாசல்ல செருப்பெல்லாம் தாறுமாறா கிடக்கு. கீழ்த்தட்டுல இருக்கிற பாத்திரம் எதையும் நீங்க இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. எல்லாமே குனியற வேலைதான்."

"அது வேற, யோகா வேற."

"இடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் காலை உருவி எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மாஸ்டரிடம் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்குப் பின்னால் எடுக்கிற பாடம். நேராக ஓட்டுவதில் கெட்டிக்காரி. ரிவர்ஸ் என்றால் மட்டும் எதையாவது இடித்துவிடுவாள்.

"கண்ணாடியை மட்டும் நம்பாதீங்கம்மா. கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாருங்க!"

"எப்படி மாஸ்டர்? நீங்க ஒரு தடவை திருப்பிக் காட்டுங்களேன்."

மாஸ்டர் திருப்பினார். கண் போயிற்று, மூக்கு கொஞ்சம் போயிற்று, கழுத்து போகவில்லை. அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். நான் யோகா சொல்லிக் கொடுக்கறேன். சலவைக்கடை மாடியிலதான் வகுப்பு. வந்து பாருங்களேன்."

மாஸ்டர் அவளை நம்பாமல் பார்த்தார். யோகா டீச்சர் என்றால் ஊதுபத்தி மாதிரி இருப்பார்கள் என்று நினைத்திருந்தார். இவளோ நல்ல வாட்டசாட்டமான ஆள்; கார் கதவைச் சாத்தினால் கார் ஒரு முறை ஆடும்.

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்மா?"

"அஞ்சு மாசத்துல காலைத் தூக்கிக் கட்டைவிரலை வாயில வச்சுச் சப்பியிருப்பீங்க மாஸ்டர். வளையாமலா? நடுவுல மறந்துட்டீங்க, அவ்வளவுதான்."

பேத்தி இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள் என்பது மாஸ்டருக்கு நினைவு வந்தது. போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றியது. சம்பந்திக்கு மட்டும் தெரியக் கூடாது. தான் எழுந்து நிற்கிற அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் மருமகனுடைய பழைய டிராக் பேன்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு சலவைக்கடைப் படிகளில் ஏறினார். மாடி முழுக்கச் சோப்பு வாசனை. கீழே இயந்திரங்கள் ஓடியதில் தரை வெதுவெதுப்பாக இருந்தது. வரிசையாக விரித்த பாய்களில் பத்துப் பன்னிரண்டு பேர். கடைசிப் பாயில், சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகு முழுக்க மாவுத் தடம் படிந்த பனியனோடு ஒருவர் உட்காரப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். அந்த முதுகு மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்த முதுகு.

"சம்பந்தி?"

முதுகு விறைத்தது. பிறகு மெதுவாகத் திரும்பியது. "அட, வாங்க சம்பந்தி! நான் சும்மா... அடுப்பு ரிப்பேர் பண்றவர் இங்க இருக்கார்னு சொன்னாங்க."

"அவரைத் தேடத்தான் பாயில உட்கார்ந்திருக்கீங்களா?"

"நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சட்டை துவைக்கப் போட வந்தேன். கடை கீழேயா மேலேயான்னு தெரியலை."

இரண்டு பேரும் மற்றவர் காலைப் பார்த்தார்கள். இரண்டு டிராக் பேன்ட்டும் ஒரே நிறம், ஒரே கோடு. மருமகன் ஒரே கடையில் இரண்டு வாங்கி, ஒன்றை அப்பா வீட்டிலும் மற்றொன்றை மாமனார் வீட்டிலும் விட்டுப் போயிருந்தான். இதற்கு மேல் பொய் சொல்ல இடமில்லை. டீச்சர் வந்து, "உங்க ரொட்டியைத்தான் தினம் சாப்பிடறேன், மாஸ்டர் வண்டியைத்தான் தினம் இடிக்கறேன், ரெண்டு பேரும் சொந்தக்காரங்கன்னு தெரியாமப் போச்சே!" என்று சந்தோஷப்பட்டு, இருவரையும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் போட்டாள்.

அது பெரிய தப்பாகப் போயிற்று. குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னால் மாஸ்டர் ஓரக்கண்ணால் சம்பந்தியின் விரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். சம்பந்தி முட்டியைத் தொட்டிருந்தால் இவர் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் எட்டுவார். அதைப் பார்த்துச் சம்பந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு சாண். "மூச்சை விடுங்க, மூச்சை விடுங்க!" என்று டீச்சர் கத்துவாள். இருவருமே விட மாட்டார்கள். விட்டால் விரல் மேலே வந்துவிடுமே! வஜ்ராசனத்தில் யார் முதலில் "ஐயோ" என்கிறார்கள் என்று பார்த்து, இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பாய் வழுக்குகிறது என்றார் ஒருவர், ஃபேன் காற்று தள்ளுகிறது என்றார் மற்றவர். ஆடத் தெரியாதவர்களுக்குக் கூடம் கோணல். சவாசனத்தில் மட்டும் போட்டி இல்லை. படுத்த மாத்திரத்தில் இருவரும் சேர்ந்தே குறட்டை விட்டார்கள். முன்வரிசையில் இருந்த தபால்கார அம்மாள், கீழே சலவை இயந்திரம்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாளாம்.

ஒரு வாரம் இப்படிப் போனதும் மாஸ்டருக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டது. பேக்கரிக்காரருக்கு முட்டி வீங்கிவிட்டது. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவர் முன்னாலும் நின்றாள்.

"மாஸ்டர், நான் வண்டி ஓட்டும்போது பக்கத்து வண்டியைப் பார்த்தா நீங்க என்ன சொல்வீங்க?"

"உன் ரோட்டைப் பாருன்னு சொல்வேன்."

"அதேதான். இன்னைக்கு வேற ஒண்ணு செய்யலாம். ரெண்டு பேரும் முதுகோட முதுகு சேர்த்து உட்காருங்க. கையைக் கோத்துக்கோங்க. சரி. இப்ப ஒருத்தர்மேல ஒருத்தர் சாய்ஞ்சுக்கிட்டே எழுந்திருங்க."

சம்பந்திகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு முழங்கைகளைக் கோத்தார்கள். முதல் முறை மாஸ்டர் பலமாகத் தள்ளினார். பேக்கரிக்காரர் முன்னால் குப்புறப் போனார், மாஸ்டர் அவர் முதுகின்மேல் மல்லாந்தார். அடுத்த முறை பேக்கரிக்காரர் பழி தீர்த்துக்கொண்டார். வகுப்பே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"சம்பந்தி," என்றார் பேக்கரிக்காரர் தரையில் கிடந்தபடி மூச்சு வாங்க. "நீங்க தள்ளறீங்க. சாய மாட்டேங்கறீங்க."

"சாய்ஞ்சா நீங்க விட்டுடுவீங்களோன்னு பயம்."

"எனக்கும் அதே பயம்தான்."

இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். அப்புறம் மாஸ்டர், நடப்பது நடக்கட்டும் என்று தன் மொத்த பாரத்தையும் பின்னால் போட்டார். அங்கே அகலமான, வெதுவெதுப்பான, ரொட்டி வாசனை அடிக்கிற ஒரு முதுகு அசையாமல் நின்றது. அந்த முதுகின் பாரம் இவர்மேல் இறங்கியது. கால்கள் ஊன்றின. எப்படி வந்தார்கள் என்று தெரியாமலே நின்றுகொண்டிருந்தார்கள். தபால்கார அம்மாள் கைதட்டினாள்.

அன்று வகுப்பு முடிந்து இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள். மகளுக்குக் கல்யாணமாகி இத்தனை நாளில் அவர்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்து டீ குடித்தது அதுதான் முதல் தடவை.

"சொன்னா சிரிக்காதீங்க," என்றார் பேக்கரிக்காரர். "அடுப்புல கீழ்த்தட்டு ரொட்டியை எடுக்க நான் ஆளைக் கூப்பிட ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. வேற வேலை இருக்கற மாதிரி நடிச்சு, 'நீ எடுப்பா'ன்னு சொல்லிடுவேன்."

"எனக்கு ஷூ லேஸ் கட்ட முடியாது. அதான் வருஷம் பூரா செருப்பு," என்றார் மாஸ்டர்.

டீச்சர் வகுப்போடு விடவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் வளைந்துவிட்டு, மீதி நேரம் சிலைபோல இருந்தால் உடம்பு மறுபடியும் மறந்துவிடும் என்றாள். அதனால் மாஸ்டர் ஒரு மாணவர் போய் அடுத்தவர் வருவதற்குள் காரைச் சுற்றி நடந்தார். டயரில் காற்று இருக்கிறதா என்று குந்திப் பார்த்தார். டயருக்கு அப்படி ஒரு கவனிப்பு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. பேக்கரிக்காரர் ரொட்டி வேகிற நேரத்தில் மேஜையைத் தொட்டும் தொடாமலும் ஒற்றைக் காலில் நின்றார். மாவு மூட்டையை முதுகை வளைத்துத் தூக்காமல், உட்கார்ந்து அணைத்து எழுந்தார். மாஸ்டர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒட்டடை காணாமல் போனது. அதைப் பார்த்த மனைவி பாத்திரங்களை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தாள்.

மாதக் கடைசி வந்தது. மகள் காப்பகத்துக்கு வாக்குக் கொடுக்குமுன் இரண்டு தாத்தாக்களையும் வரச் சொன்னாள். சோபாவை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு ஜமக்காளம் விரித்திருந்தாள். பேத்தி அதன் ஓரத்து நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் முதலில். காலை மடக்கினார், இறங்கினார், சம்மணம் போட்டார். முன்னால் சாய்ந்து, ஒரு மூச்சு விட்டு, எழுந்தார். எழுந்த பிறகு கொஞ்சம் தள்ளாடினார். ஆனால் எதையும் பிடிக்கவில்லை. மகள் வாயைப் பிளந்தாள். "அப்பா! எப்பப்பா இதெல்லாம்?"

அடுத்து பேக்கரிக்காரர். வீங்கிய முட்டி முழுசாகக் குணமாகவில்லை என்பது மாஸ்டருக்கு மட்டும் தெரியும். இறங்குவது அழகாக முடிந்தது. சம்மணமும் போட்டாயிற்று. எழுந்திருக்க வேண்டிய நேரத்தில், பேத்தி நூலை விட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து அவர் மடியில் ஏறி, கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள்.

"எழுந்திருங்க மாமா."

"குழந்தை தூங்கறாம்மா. எழுந்தா முழிச்சுக்குவா."

"என்கிட்ட கொடுங்க."

"நல்லாத் தூங்கட்டுமே. என்ன அவசரம்?"

நேரம் போயிற்று. பேக்கரிக்காரர் முகத்தில் சிரிப்பு இருந்தது, நெற்றியில் வியர்வை இருந்தது. மாஸ்டர் அவரைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இந்தக் காட்சிக்கு டிக்கெட் வாங்கியிருப்பார். இப்போது தன் முதுகில் பதிந்த அந்த வெதுவெதுப்பான முதுகுதான் நினைவுக்கு வந்தது. சம்பந்தி மெதுவாகக் கண்ணைத் தூக்கி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை, சிறுமை எதுவும் இல்லை. கால் மரத்துப்போச்சு, அவ்வளவுதான்.

"ஏம்மா, சமையல்ரூம்ல ஏதோ தீயற வாசனை வரலை?" என்றார் மாஸ்டர்.

மகள் ஓடினாள். மாஸ்டர் ஒரே எட்டில் சம்பந்திக்குப் பின்னால் போய், குந்தி, கக்கத்தில் கை கொடுத்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினார். அவர் பழகியதிலேயே கனமான ஆசனம் அதுதான். மகள் திரும்பி வந்தபோது பேக்கரிக்காரர் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மாஸ்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்பே பத்தவைக்கலையேப்பா. எழுந்துட்டீங்களா மாமா?"

"எப்பவோ எழுந்தாச்சு."

மகள் மாமனாரின் காலைப் பார்த்தாள். ஒரு கால் இன்னும் தரையில் சரியாகப் பதியவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. விளையாட்டு வேறு, குழந்தை வேறு.

"ஒரு யோசனை சொல்றேன்மா. ஆளுக்கொரு நாள்னு வேண்டாம். ரெண்டு பேருமே தினமும் வரோம். ஒருத்தர் உட்கார்ந்தா ஒருத்தர் நிப்போம். சம்பந்தி முட்டி சரியாகற வரைக்கும் தரைக்கு நான், கட்டிலுக்கு அவர்."

"ரெண்டு பேரும் சண்டை போட்டுக்க மாட்டீங்களே?"

"போடுவோம்," என்றார் பேக்கரிக்காரர் உண்மையாக. "சத்தம் வராமப் போடுவோம்."

காப்பகத்துக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் முட்டியும் சரியாயிற்று. மத்தியானங்களில் அந்த வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் தவழ்ந்தார்கள். பேத்தி காலைத் தூக்கி வாயில் வைத்தால் இரண்டு தாத்தாக்களும் தங்கள் காலைப் பிடித்துப் பார்த்து, இன்றைக்கு எதுவரை வருகிறது என்று அளந்துகொண்டார்கள். டீச்சரும் ஒரு வழியாக ரிவர்ஸில் போய்ச் சரியாக நிறுத்தினாள். மாஸ்டர் அப்போது கழுத்தைத் திருப்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் பேத்தி சோபாவைப் பிடித்து எழுந்து நின்றாள். இருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கைதட்டினார்கள். அவள் சோபாவை விட்டாள். ஒரு அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். அப்புறம் வேகம் பிடித்து, திறந்திருந்த கதவு வழியாக வெளியே தாழ்வாரத்தில் இறங்கிக் கடகடவென்று போக ஆரம்பித்தாள்.

"சம்பந்தி, பிடிங்க!"

"நீங்க பிடிங்க, நான் அந்தப் பக்கமா மடக்கறேன்!"

இரண்டு பேரும் எதையும் பிடிக்காமல் எழுந்தார்கள். அதைக் கவனிக்க அவர்களுக்கே நேரமில்லை. ஒருவர் வெறுங்காலோடும், இன்னொருவர் ஒரு செருப்போடும் தாழ்வாரத்தில் ஓடினார்கள்.